எட்டுப் போட்ட ரப்பர் பேண்டு

“சாப்பாட்டு மேசை பூரா திருகாணியும் பஞ்சுமா பரத்திப் போட்டா மனுசன் சோத்துத் தட்ட எங்கட்டி வைக்க, உன் தலையிலயா?” என்று என் வீட்டுக்காரர் காஸ்பர் கேட்டார். இதே கேள்வியை இதே வார்த்தைகளில் அன்று மத்தியானத்துக்குள் மூன்றாவது முறையாகக் கேட்டார், முதல் இரண்டு முறையும் நான் “வைங்க” என்று தலையைக் குனிந்து காட்டியிருந்தும் கேட்டார். அவர் அப்படித்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், நாள் முழுக்க எழுபது அடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கி வருகிறவர், அதனால் கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் நான் சொன்ன ஒரு சொல்லைக்கூட அவர் சும்மா தரையில் விழ விட்டதில்லை. மழை வருது என்றால் நானா வரச் சொன்னேன் என்பார், காது கேக்கலியா என்றால் ஹார்பர் கேட் வரைக்கும் கேக்கு என்பார், தூக்கத்தில் நான் இருமினால்கூட தூக்கத்திலேயே ஏதோ ஒரு பதில் முணுமுணுப்பார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பிற்பாடு பயந்ததெல்லாம் இந்த ஒன்றை நினைத்துத்தான்.

மேசையில் பிரித்துப் போட்டிருந்தது ஒரு பழைய வாக்மேன். எங்களுக்குக் கல்யாணமான வருஷம் ஒரு கப்பல்காரனிடமிருந்து அவர் வாங்கி வந்து, நான் பேசாத நேரத்துல நீ பாட்டு கேளு என்று கொடுத்தது, அப்படி ஒரு நேரம் வாய்க்காததால் சீக்கிரமே பரணுக்குப் போய்விட்டது. கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது தகரப்பெட்டியில் கிடைத்தது, உள்ளே நான் கான்வென்ட்டில் படித்தபோது எங்கள் பாடற்குழு பாடிப் பதிந்த கேசட்டும் இருந்தது, பட்டனை அமுக்கினால் உயிரில்லை. பஜாரில் ரிப்பேர் கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்காமல், “யக்கா, இதையெல்லாம் காட்சி சாலையில வைங்க” என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு எரிச்சல் வந்தால் எந்த வேலையும் கைவரும். வீட்டுக்கு வந்ததும் தையல் மெஷின் திருப்புளியை எடுத்து நானே பிரித்துவிட்டேன்.

எங்களுக்குப் பௌதிகம் எடுத்த சிஸ்டர் கிளியோபா ஒரு வழக்கம் சொல்லிக் கொடுத்திருந்தார், எதைப் பிரித்தாலும் கழற்றிய வரிசையில் வைக்க வேண்டும், வைத்த வரிசையைத் திருப்பி மாட்ட வேண்டும், நடுவில் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது. அதற்கு இட்லித் தட்டைவிட நல்ல சாமான் உலகத்தில் இல்லை. முதல் குழியில் முதல் திருகாணி, இரண்டாம் குழியில் இரண்டாவது, நடுக்குழியில் ஸ்பிரிங். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்த தகட்டை எலுமிச்சம்பழம் தேய்த்து வெள்ளையாக்கினேன், நாடா உரசிப் போகிற ஹெட்டை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன், சக்கரங்களுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். மோட்டாரிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் மட்டும் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, காஸ்பரின் பிரஷர் மாத்திரை அட்டைகளைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டை உருவி மாட்டினேன். அது தொளதொளவென்று நின்றது.

எங்கள் அப்பா மாவு மில் வைத்திருந்தார். மிளகாய் இடிக்கிற மெஷினில் பெல்ட் தொய்ந்துபோனால் அவர் அதை வெட்டித் தைக்க மாட்டார், ஒரு முறுக்கு முறுக்கி எட்டுப் போட்டு மாட்டுவார், கவ்விப் பிடித்துக்கொள்ளும். நானும் எட்டுப் போட்டேன். எட்டுப் போட்டால் சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றும் என்பதும், மிளகாய்க்கு எந்தப் பக்கம் இடித்தாலும் ஒன்றுதான் ஆனால் பாட்டுப் பெட்டிக்கு அப்படியில்லை என்பதும், நான்கு திருகாணியையும் முறுக்கி முடிக்கிற வரைக்கும் எனக்குத் தோன்றவேயில்லை.

பட்டனை அமுக்கினேன். சாயங்காலம் நாலரை மணி. எங்கள் பாடற்குழு பாடவில்லை. எதிர் வீட்டுப் பேச்சித்தாய், “ஹில்டாக்கா, ஒரு உழக்கு உளுந்து இருக்கா?” என்றாள். “முந்தாநாத்துதான வாங்கிட்டுப் போன, தோசை சுட்டு ஊருக்கா போடுத?” என்றது என் குரல். “இருந்தாக் குடுத்துத் தொலையேன்” என்றது காஸ்பர் குரல். அவர் பக்கத்தில்தான் வாயைத் திறக்காமல் நின்றார். மறுநாள் நாலரை மணிக்குப் பேச்சித்தாய் உழக்கோடு வந்து வாசலில் நின்றபோது நானும் அவரும் அதையே, ஒரு எழுத்து மாறாமல், வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே சொன்னோம்.

எப்போது போட்டாலும், மறுநாள் அதே நேரத்தில், அது இருக்கிற இடத்தில் என்ன பேச்சும் சத்தமும் கேட்குமோ அதை அரைமணி நேரத்துக்கு ஒரே ஒரு முறை பாடும். திருப்பிப் போட்டால் திரும்பக் கேட்காது. அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் குவார்ட்டர்ஸில் மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, ரகசியம் தங்குகிற சுவர் ஒன்றுகூடக் கிடையாது. மூன்றாம் நாள் குடியிருப்போர் சங்கத்துச் செக்ரட்டரி திரவியம் வந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, பொதுவுக்குப் பயன்படுகிற பொருளை ஒரு வீட்டில் பூட்டி வைப்பது முறையல்ல என்று மைக் இல்லாமலேயே மைக்கில் பேசுகிற குரலில் சொன்னார். மறுநாள் காலையில் தண்ணீர் விடும் நேரம் ஒட்டுகிற பலகையில், அதற்குக் கீழேயே, வாக்மேன் எந்தக் கிழமை எந்த வீட்டில் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. பேச்சித்தாய் தன் முறை வந்ததும் ஒரு சின்ன ஸ்பீக்கரில் மாட்டி வைத்துக்கொண்டு மருமகள் நாளைக்கு என்ன குத்திப் பேசப்போகிறாள் என்று கேட்டு, அதற்குப் பதில் தேடி ராத்திரி முழுக்க யோசித்து, கடைசியில் பெட்டிக்குள் தான் என்ன பதில் சொன்னாளோ அதையேதான் மறுநாள் சொன்னாள். “ஒப்பிக்கதுக்கு ஒரு ராத்திரித் தூக்கமா?” என்று மருமகள் கேட்டாள். அதுவும் பெட்டியில் இருந்ததுதான். பங்குச்சாமியார் தீர்த்தம் தெளிக்க வந்தார், தெளித்துவிட்டு, விசுவாசத்துக்கு விரோதமாக அது ஒன்றும் சொல்லவில்லையே என்று கொஞ்ச நேரம் யோசித்து, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு முந்தின நாள் கோயிலுக்கு எடுத்துப் போனார். தன் பிரசங்கத்தில் எட்டு இருமலும் ஒரு குறட்டையும் வருவதைக் கேட்டுவிட்டு வந்தார். எட்டு இருமலும் வந்தது, குறட்டையும் வந்தது, குறட்டை திரவியத்தினுடையது. ஒரு மாதத்துக்குள் எங்கள் ஆட்கள் அந்தப் பெட்டியைத் தண்ணீர் லாரியைப் போல, ரேஷன் கடையைப் போல, எரிச்சலோடும் நன்றியோடும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் ஒன்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. பேச்சித்தாய் வீட்டில் ஒரு நாள் பெட்டியில் கண்ணாடி உடையும் சத்தமும், “ஐயோ என் பூப்போட்ட டம்ளர்!” என்று அவள் அலறியதும் கேட்டது. அவள் வீட்டில் இருந்த கண்ணாடி அத்தனையையும், முகம் பார்க்கும் கண்ணாடி உள்பட, ஒரு சாக்கில் கட்டி என் கட்டிலுக்கு அடியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் அதே நேரம், விருந்தாளிகளுக்குச் சர்பத் கொடுக்க இரவல் வாங்கிப் போன ஒரே ஒரு பூப்போட்ட டம்ளரைத் திரும்பக் கொடுக்க மூன்று மாதம் கழித்து அன்றைக்குத்தான் ஞாபகம் வந்து திரவியத்தின் சம்சாரம் படியேறி வந்தாள். நடையில் கால் வழுக்கியது. அதற்குப் பிறகு யாரும் எதையும் ஒளித்து வைப்பதில்லை. கேட்டது நடக்கும்.

வியாழக்கிழமை எங்கள் முறை. காஸ்பர் டூட்டியில் இருந்தார். நானும் பேச்சித்தாயும் மட்டும் உட்கார்ந்து நாலரைக்குப் பட்டனை அமுக்கினோம். முதலில் ஒரே இரைச்சல். மழை கொட்டுகிற மாதிரி, கடல் மேலே ஏறி வருகிற மாதிரி, வார்த்தை எதுவும் பிடிபடாத இரைச்சல். “ஹெட்டுல அழுக்கு சேந்துட்டு, மறுபடியும் துடைக்கணும்” என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே அந்த இரைச்சலுக்கு நடுவில் என் குரல் கேட்டது.

“ஏங்க, அடுப்பக் கொஞ்சம் அமத்துங்க.”

அடுப்பை அணைக்கச் சொல்லி ஒரு நாளைக்கு இருபது தடவை நான் சொல்கிற வார்த்தை. உனக்குக் கை இல்லியா, நான் என்ன சமையக்காரனா, அமத்திட்டேன் அமத்திட்டேன் கத்தாத என்று ஒரு நாளைக்கு இருபது விதமாக அவர் பதில் சொல்கிற வார்த்தை. இரைச்சல் கத்தரித்த மாதிரி நின்றது. பதில் வரவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்து சுர்ரென்று தீய்கிற சத்தம் வந்தது, பிறகு அதுவும் ஓய்ந்தது, பிறகு நாடா ஓடுகிற சத்தம் மட்டும். நாங்கள் இருவரும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அரைமணி முடிந்து பட்டன் டக்கென்று எழும்பியபோது பேச்சித்தாய் என் கையைப் பிடித்திருந்தாள்.

“அண்ணன் கடைக்குப் போயிருப்பாவ. குளிச்சிட்டு இருப்பாவ” என்றாள்.

“குளிக்கும்போதும் பதில் சொல்லுத மனுசன்டி அவிய” என்றேன்.

அவர் வீடு திரும்புவதற்கு முன்னால் பன்னிரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. படியேறி வந்தவரை எல்லோரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏற்கெனவே மாலை போட்ட போட்டோவில் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். நான் சொன்னேன். சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். “செத்தவன்ட்டயும் வேலை ஏவுவியாட்டி நீ?” என்று கேட்டுச் சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அன்று ராத்திரியே டாக்டரிடம் கூட்டிப் போனோம், அவர் ஈசிஜி தாளை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் முப்பது வருஷம் கிரேன் ஓட்டலாம் என்றார். அந்தத் தாளைப் பார்த்து ஒருத்தருக்கும் நம்பிக்கை வரவில்லை, தாள் பேசாதே.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் செய்த முதல் காரியம், அதே இட்லித் தட்டை வைத்துக்கொண்டு வாக்மேனைப் பிரித்தது. ரப்பர் பேண்டைக் கழற்றிப் பழையபடி மாத்திரை அட்டையில் சுற்றி வைத்தேன். மாட்டியதைக் கழற்றினால் கேட்டது கேட்காததாகிவிடுமா? ஆகாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கழற்றினேன். மேசையைத் துடைத்தேன், ஒரு திருகாணி இல்லாமல், ஒரு பஞ்சு இல்லாமல் துடைத்தேன். பிறகு வாயை மூடினேன். கான்வென்ட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை தியானம் என்று மூன்று நாள் மௌனமாக இருக்க வைப்பார்கள், நான் ஒரு தடவைகூட மூன்று நாளும் தாக்குப்பிடித்ததில்லை, முதல் நாளே யாரையாவது திட்டிவிடுவேன். அன்றைக்குத் தாக்குப்பிடித்தேன். திரவியம் ஆள் கூட்டி வந்து எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டரையும் அடுப்பையும் கழற்றிக் கீழே கொண்டுபோய்த் தன் வீட்டில் வைத்துப் பூட்டினார். அடுப்பே இல்லாத வீட்டில் அடுப்பை அமர்த்து என்று எவள் சொல்வாள்?

“இருபத்தேழு வருசத்துல இன்னைக்குத்தான் வீடு வீடா இருக்கு” என்றார் டூட்டிக்கு லீவு போட்டிருந்த காஸ்பர் காலையில். பத்து மணிக்கு ரேடியோவைப் போட்டார், அணைத்தார். பதினோரு மணிக்கு என் பின்னாலேயே அறை அறையாக நடந்தார். மத்தியானம் ஓட்டல் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து உட்கார்ந்தவர், கை வைக்காமல், “ஏட்டி ஹில்டா, என்னத்தையாவது சொல்லேன். திட்டவாவது செய்யேன். எனக்குப் பயமா இருக்கு” என்றார். நான் தலையை ஆட்டினேன், அவர் தட்டில் கூட்டைத் தள்ளி வைத்தேன், வாயைத் திறக்கவில்லை. அந்த மனுசன் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதேயில்லை.

யோசனை திரவியத்தினுடையதுதான். “பயம் எதுல? சத்தம் இல்லாததுல. அப்ப நாம சத்தம் போட்டுட்டா தீந்துச்சு. பன்னிரண்டு வீடும் நாலே காலுக்கு இங்க வந்து, அஞ்சு மணி அடிக்கிற வரைக்கும் ஒருத்தர் வாயும் மூடக் கூடாது. பெட்டி சொன்னது எப்படி நடக்கும்னு பாத்துருவோம்.” இதைவிடப் புத்தியான யோசனை அதுவரை எங்கள் குவார்ட்டர்ஸில் யாருக்கும் வந்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் தலையை ஆட்டினேன்.

நாலே காலுக்கு வந்தார்கள். முப்பது பேருக்குக் குறையாது. காஸ்பரை மேசைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றி நின்றார்கள். பங்குச்சாமியார் ஜெபமாலை ஆரம்பித்தார், மேல் வீட்டுக்காரர்கள் கந்தனைக் கூப்பிட்டார்கள், தெரிந்தவர்கள் தெரிந்ததைச் சொன்னார்கள், எதுவும் தெரியாதவர்கள் வாய்ப்பாடு சொன்னார்கள். அப்போதுதான் பேச்சித்தாய் வெறிச்சென்று கிடந்த என் சமையல் மேடையைப் பார்த்தாள். பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தாள். எங்கள் பக்கத்தில் அடுப்பெரியாத வீடு என்றால் அது ஒரே ஒரு வீடுதான், பிணம் எடுக்காத வீடு.

“அடக் கிறுக்குப் பயலுவளா, நாமளே சாவு வீடு ஆக்கி வெச்சிருக்கமே!” என்றாள். “முப்பது பேரு கூடின வீட்டுல அடுப்பெரியாம, ஒருத்தருக்கு ஒரு வாய் காப்பி இல்லாம இருந்தா, எமன் வழி தெரியாமலா போவான்?”

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முப்பது பேரில் ஒருவராலும் முடியவில்லை. ஓடிப் போய்த் தன் அடுப்பையும் சிலிண்டரையும் ஆள் வைத்துத் தூக்கி வந்தாள், பெரிய சட்டியில் பாலை ஏற்றினாள், தன் குரல்தான் குவார்ட்டர்ஸிலேயே பெரிய குரல் என்பதால் கூடத்துக்குப் போய்ச் சத்தத்தில் சேர்ந்துகொண்டாள். சமையலறையில் நான் மட்டும் நின்றேன். கையில் முப்பது டம்ளர் அடுக்கிய பெரிய தட்டு, ஒவ்வொன்றிலும் டிகாஷன், மேடையில் அவள் சாமான்கள் பரப்பியிருந்ததால் தட்டை வைக்க இடமில்லை.

கூடத்தில் ஜெபமும் கந்தனும் ஏழெட்டு ஐம்பத்தாறும் ஒன்றோடொன்று ஏறி, வார்த்தை கரைந்து, வெறும் இரைச்சலாக வந்தது. மழை கொட்டுகிற மாதிரி. கடல் மேலே ஏறி வருகிற மாதிரி. இந்த இரைச்சலை நான் கேட்டிருக்கிறேன். ஹெட்டில் அழுக்கே சேரவில்லை.

உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன். பேசமாட்டேன், என்ன ஆனாலும் பேசமாட்டேன். கூடத்துப் பக்கம் பார்த்தேன், வாசல் நிறைய முதுகுகள், முதுகுகளுக்கு அந்தப் பக்கம்தான் அவர் நாற்காலி, இரண்டே எட்டு. ஆளைப் பார்க்க முடியாவிட்டால் போகிறது, குரல் கேட்டால் போதும் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்கூட, யோவ் திரவியம், காது கிழியுது எனக்கு என்று அவர் சொன்னது கேட்டதே. இப்போது பங்குச்சாமியார் குரலைப் பிரித்தெடுக்க முடிந்தது, பேச்சித்தாய் குரலைப் பிரித்தெடுக்க முடிந்தது, திரவியம் பதினாறாம் வாய்ப்பாட்டில் தப்புப் பண்ணுவது தெரிந்தது. அவர் குரல் மட்டும் கிடைக்கவில்லை. அந்தத் தப்பைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறவர் இல்லை அவர். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு குரலாக எடுத்து எடுத்துத் தள்ளினேன், எல்லாக் குரலும் தீர்ந்துபோயிற்று, அவர் குரல் கிடைக்கவில்லை. எதிரில் பால் சட்டியின் விளிம்புக்கு ஏறியது, குமிழ் குமிழாக எழும்பி நின்றது. அவர் பதிலை வரவைக்க இருபத்தேழு வருஷமாக எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

“ஏங்க, அடுப்பக் கொஞ்சம் அமத்துங்க.”

முப்பது பேரும் அந்த வார்த்தைக்குத்தான் பயந்துகொண்டிருந்தார்கள். இரைச்சல் கத்தரித்த மாதிரி நின்றது. பால் வழிந்து சுர்ரென்று தீய்ந்தது, தீய்ந்து நெருப்பை அவித்தது, அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. யாராவது இருமினால் போதும் என்றிருந்தது. முதுகுகள் அசையவில்லை, எல்லோரும் அவர் நாற்காலியையே பார்த்து நின்றார்கள், ஒருத்தர்கூட என் பக்கம் திரும்பவில்லை. கையில் தட்டோடு, பெட்டியில் நான் கேட்காத எதையும் சொல்ல நாக்கு எழாமல், அந்த முதுகுகளைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன்:

ஏங்க, மேசையெல்லாம் தொடச்சி வெச்சிருக்கேன், பாக்கலியா? ஒரே ஒரு தடவ, என்னைத் திட்டுங்களேன்.